காட்டிடை நிற்கும் கற்கள்: மாயர் நகரழிபாடுகள் பற்றி ஒரு நோக்கு

இலண்டன் மாநகரிற் படிக்கச் சென்ற நம் பழைய மாணவருள் பிரித்தானிய நூதனசாலையைக் காணாது திரும்பியவர் மிகச் சிலராகவே இருப்பர். எகிப்தியரின் பிணப்பேழைகளையும் கிரேக்கரின் சலவைக்கற் சிற்பங்களையும் பார்த்துக் களைத்த கால்களோடு, மெக்சிக்கோ நாட்டுப் பொருள்கள் வைக்கப்பட்ட அறைக்குள் நுழைவோர், அங்குள்ள ஒரு சுண்ணக்கற் பலகையின் முன் சற்றே தயங்கி நிற்பது வழக்கம். அரசன் ஒருவன் பெரிய தீப்பந்தமொன்றை ஏந்தி நிற்கின்றான். அவன் முன் முழந்தாளிட்டிருக்கும் அரசி, முட்கள் கோத்த கயிறொன்றைத் தன் நாவின் ஊடாக இழுத்துக்கொண்டிருக்கின்றாள். குருதி தோய்ந்த மரப்பட்டைத் தாள்கள் அவள் முன்னே ஒரு கூடையிற் கிடக்கின்றன. அவள் உடுத்த ஆடையின் நெசவுக் கோலம் இழையிழையாக எண்ணக்கூடிய நுட்பத்தோடு செதுக்கப்பட்டுள்ளது. கல்லிற் பொறிக்கப்பட்ட நாள் கி. பி. 709-ஆம் ஆண்டுக்குரியது. 'யாஷ்சிலான், 24-ஆம் மேற்கல்' என்பது இதற்கு ஆராய்ச்சியாளர் இட்ட பெயர்.

இக்கல் எந்தக் கட்டடத்தின் எந்த வாயிலில் இருந்தது? அதன் வலப்புறத்து வாயிலில் இருந்த கல் யாது? காண்போர் இத்தகைய வினாக்களை எழுப்புவதில்லை. அழகிய சிற்பம் எங்கிருந்தாலும் அழகியதே என்பது அவர்தம் எண்ணம். ஆனால், மாயர் எழுத்துக்களை ஏறக்குறைய நூறாண்டு காலம் வெறும் சோதிடக் கணக்கு என்றே கருதிவந்த அறிஞர் உலகம், அவை மன்னர்தம் வரலாறு என்று கண்டுகொண்டது இத்தகைய வினா ஒன்றின் விடையினாலேயாம். கல் நின்ற இடம் கல்லெழுத்தின் ஒரு பகுதி. அவ்வாறாயின், பெருங்காட்டுக்குள் நெடுவழி சென்று அந்த இடங்களைக் காண்பது வெறும் உல்லாசப் பயணமன்று. நூலின் கிழிந்த பக்கத்தைத் தேடிச் செல்வதை ஒத்தது.

மாயர் என்போர் தென்கிழக்கு மெக்சிக்கோ, குவாத்தமாலா, பெலீஸ் ஆகிய நாடுகளிலும் ஒந்துராஸ், எல் சல்வதோர் என்பவற்றின் மேற்குப் பகுதிகளிலும் வாழ்ந்தவர், இன்றும் வாழ்பவர். 'மறைந்துபோன மாயர்' என்று சில நூல்களிற் காணப்படும் தொடர் தவறானது. ஏறக்குறைய முப்பது மாயர் மொழிகளை இன்றும் பல இலட்சம் மக்கள் பேசுகின்றனர். கி. பி. 250 முதல் 900 வரையுள்ள காலமே தாழ்நில நகரங்களின் உயர்காலம் எனப்படும். அதன் இறுதியில், போராலும் வறட்சியாலும் நிலவளக் குறைவாலும், தென்பகுதி நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. காடு அவற்றை மூடியது. ஈண்டு ஒன்று கூறாது செல்லலாகாது. மாயர் என்னும் பெயரைக் கேட்டவுடனே மயனையும் மாயையையும் இழுத்துப் பொருத்தி, அம்மக்கள் நம்மவரே என்று நிறுவ முற்படுவோர் நம்மிடையே உளர். இவற்றுக்கிடையே ஒலியொப்புமையன்றி வேறு உறவெதுவும் இல்லை. தம் உழைப்பால் அம்மக்கள் ஆக்கிய ஒன்றை நமதென்பது பெருமையும் அன்று, நேர்மையும் அன்று.

இனி, யாஷ்சிலான் செல்லும் வழி. மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மாநிலத்திலுள்ள பாலெங்கேயிலிருந்து எல்லைப்புறப் பாதையால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் சென்றால் பிரொந்தேரா கொரோசால் என்னும் ஆற்றங்கரையூரை அடையலாம். அதற்கப்பால் நகர் நோக்கிச் செல்லும் தெரு இல்லை. ஓலைக்கூரை வேய்ந்த, நீண்டொடுங்கிய இயந்திரப் படகில் ஏறி, உசுமசிந்தா ஆற்றின் வழியே ஒரு மணி நேரமளவு கீழ்நோக்கிச் செல்லவேண்டும். இடக்கரை மெக்சிக்கோ, வலக்கரை குவாத்தமாலா. மணற்றிட்டுக்களில் முதலைகள் வெயில் காய்வதைக் காணலாம். ஆறு குதிரைலாட வடிவாக வளைந்து, ஒரு நிலத்துண்டை ஏறத்தாழ முற்றாகச் சூழ்ந்துகொள்ளும் இடத்தில் நகரம் அமைந்துள்ளது. மூன்று புறமும் நீரும் எஞ்சிய புறத்தே குன்றும் காவலாகப் பெற்ற இவ்விடத்தை அரசிருக்கையாகத் தெரிந்தவரின் கூர்மையைப் படகிலிருந்தே உணரலாம். பண்டை நாளில் வந்த தூதரும் வணிகரும் கைதிகளும் இதே நீர்வழியாற்றான் வந்திருப்பர்.

இறங்குதுறையிலிருந்து செல்லும் ஒற்றையடிப் பாதை, 19-ஆம் கட்டடம் என்னும் இருண்ட மாளிகையின் முன் கொண்டுபோய் விடுகின்றது. 'புதிர்வழி' என்று இதற்குப் பெயர். வளைவில்லா முறையில், கல்லை ஒன்றன்மேலொன்று சிறிது சிறிதாக முன்தள்ளி அடுக்கி மேலே மூடிய கூடங்கள் உள்ளே உள்ளன. கைவிளக்கின்றி நடத்தல் அரிது. வௌவாலின் எச்சம் மூக்கைத் துளைக்கும். படியேறி மறுபுறத்தால் வெளிப்படுவோன் கண் கூசி நிற்கும்போது, ஆற்றுக்கு இணையாக நீண்டு கிடக்கும் பெருமுற்றம் அவன் முன் விரிகின்றது. இலவமரங்கள் வான் நோக்கி நிற்கின்றன. நம்மூர்த் தலையணைப் பஞ்சு தரும் அதே இலவமே மாயர்க்கு உலகின் நடுவே நின்று விண்ணையும் மண்ணையும் கீழுலகையும் இணைக்கும் தெய்வ மரமாகும். ஊளைக்குரங்குகளின் ஓசையைக் கேளாதவர்க்கு அதனைச் சொல்லால் விளக்குதல் எளிதன்று. சிறிய விலங்கொன்றின் தொண்டையிலிருந்து புலியின் உறுமல் எழுவதாகக் கொள்க.

இங்குள்ள சிற்பங்களைக் காணும் முறை வேறு. யாஷ்சிலானின் புகழ்பெற்ற மேற்கற்களிற் பல, வாயிலின் மேல் கிடையாக வைக்கப்பட்டு, அடிப்புறத்திலே செதுக்கப்பட்டவை. வாயிலின் முன்னின்று பார்ப்பவனுக்கு அவை தெரியா. படியேறி, நிலையின் கீழ் நின்று, கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்ப்பவனுக்கே தெரியும். உள்ளே செல்லும் உரிமை பெற்றவன் மட்டும், அதுவும் தலைக்கு மேல், அரசியின் குருதிச் சடங்கைக் கண்டான் என்பது இதனாற் பெறப்படும். நூதனசாலைச் சுவரில் ஓவியம்போல் நேரே நிறுத்தப்பட்ட கல்லைப் பார்ப்பவனுக்கு இது ஒருபோதும் புலனாகாது. கைவிளக்கை நேரே பிடிக்காது பக்கவாட்டிற் பிடித்தாற் செதுக்கல்களின் நிழல் விழும். உருவங்கள் எழுந்து நிற்கும்.

24-ஆம் மேற்கல்லின் இடம் பெருமுற்றத்தின் ஓரத்திலுள்ள 23-ஆம் கட்டடம். அதன் முகப்பில் மூன்று வாயில்கள். ஒன்றில் நாம் கண்ட குருதிச் சடங்கு. நடு வாயிலில் 25-ஆம் கல். மூன்றாவதில் 26-ஆம் கல். நடுக்கல்லில் அதே அரசி தனித்திருக்கின்றாள். குருதிக் கலத்திலிருந்து பெரும்பாம்பொன்று எழுந்து நெளிய, அதன் வாயிலிருந்து ஆயுதம் தாங்கிய ஒருவர் வெளிப்படுகின்றார். அக்கல்லின் எழுத்துக்கள் கண்ணாடியிற் கண்டாற்போல இடவலம் மாறிப் பொறிக்கப்பட்டிருப்பது ஒரு விந்தை. மூன்றாவதில் அரசனுக்குப் போர்க்கோலம் செய்யும் அரசி, சிறுத்தைத் தலை வடிவான அணியொன்றை அவனுக்கு நீட்டுகின்றாள். முதற்கல் 709-ஆம் ஆண்டையும், நடுக்கல் அரசன் முடிசூடிய 681-ஆம் ஆண்டையும், கடைக்கல் 724-ஆம் ஆண்டையும் குறிக்கின்றன. அரசன் பெயர் இட்சம்நாஹ் பாலம். அரசி கபால் ஷோக். இக்கட்டடம் அந்த அரசிக்குரிய இல்லம் என்று கல்லெழுத்தே கூறுகின்றது. மூன்று வாயிலையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், ஒரு பெண்ணின் தவத்தையும் அரசியல் நிலையையும் ஒரு கட்டடம் முழுவதும் போற்றியது என்பது விளங்கும். இன்று இவற்றுள் இரண்டு இலண்டனிலும் ஒன்று மெக்சிக்கோ நகரத் தேசிய நூதனசாலையிலும் உள்ளன.

இலண்டன் சென்ற கதையும் அறியத்தக்கது. 1882-ஆம் ஆண்டு ஆல்பிரட் மோட்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் இங்கு வந்தார். ஓரிரு நாளில் தெசிரே ஷார்னே என்னும் பிரெஞ்சுக்காரரும் வந்து சேர்ந்தார். தமக்கு முன் ஒருவர் வந்துவிட்டதையறிந்து ஷார்னே முகம் வாட, தாம் பொழுதுபோக்காக வந்தவரே என்றும் கண்டுபிடித்த பெருமையை அவரே கொள்ளலாம் என்றும் மோட்ஸ்லி கூறினாராம். தம் பயணத்துக்குப் பொருளுதவிய செல்வர் ஒருவரின் பெயரை ஷார்னே நகருக்குச் சூட்டினார், அப்பெயர் நிலைக்கவில்லை. மோட்ஸ்லி, எடையைக் குறைக்கக் கல்லின் தடிப்பைக் கொத்திக் கழித்து, ஆற்று வழியாகவும் கடல் வழியாகவும் அனுப்பினார். அவ்வாறு சென்றவற்றுள் 56-ஆம் மேற்கல் தவறுதலாகப் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரின் குண்டு வீச்சில் அழிந்தது. ஆனால் மோட்ஸ்லி கல்லை மட்டும் எடுத்தவரல்லர். எங்கிருந்து எடுத்தார் என்பதை எழுதினார், ஒளிப்படம் பிடித்தார், பல நகரங்களிலுமுள்ள சாசனங்களுக்குச் சாந்து அச்சுக்கள் எடுப்பித்தார். அவர் செய்த வேலை முழுவதையும் நியாயப்படுத்த நான் முன்வரவில்லை. எனினும், இடத்தைப் பதிந்துவைத்தவர் என்ற முறையில், பின்வந்த கொள்ளையரோடு அவரை ஒருங்கு வைத்தெண்ணுதல் பொருந்தாது.

அவர் பதிப்பித்த சாசனங்களை அக்காலத்து எவராலும் வாசிக்க முடியவில்லை. எண்களும் நாட்களும் மட்டும் விளங்கின. மாயர் இருபதின் அடியாக எண்ணியவர். கி. மு. 3114-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஒரு நாளைத் தொடக்கமாகக் கொண்டு, அன்றுமுதல் கழிந்த நாட்களைக் கல்லிற் பொறித்தனர். எஞ்சிய எழுத்துக்கள் ஊமையாயிருந்தமைக்கு ஒரு காரணம், எழுத்தறிந்த மரபு வன்முறையால் அறுக்கப்பட்டமை. 1562-ஆம் ஆண்டு யுக்கத்தானிலுள்ள மானி என்னுமூரில், தியேகோ தெ லாந்தா என்னும் ஸ்பானியத் துறவி மாயர் ஏடுகளைக் குவித்து எரித்தார். இன்று உலகில் எஞ்சியுள்ளவை நான்கு ஏடுகளே. அந்த லாந்தாவே பின்னர் எழுதிய நூலில், மாயர் 'நெடுங்கணக்கு' என்று சில குறிகளை வரைந்து வைத்தார். எரித்தவரின் குறிப்பே திறவுகோலாயிற்று என்பது வரலாற்றின் முரண்.

அத்திறவுகோலைச் சரியாகத் திருப்பியவர், லெனின்கிராட்டில் இருந்த யூரி க்னோரோசொவ் என்னும் இரசியர். 1952-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கருத்து, ஆங்கில நெடுங்கணக்கு ஒன்றே அறிந்தவர்க்குக் கடினம், நமக்கு எளிது. லாந்தா தந்தவை தனியெழுத்துக்கள் அல்ல. க, கு, லு என்றாற்போன்ற உயிர்மெய்கள் என்றார் அவர். மாயரிடம் புள்ளியிட்ட மெய் இல்லை. ஆகவே சொல்லின் இறுதி மெய்யை எழுத, முன்வந்த உயிரையே ஏற்ற ஓர் உயிர்மெய்யைப் பெரும்பாலும் எழுதி, அவ்வுயிரை ஒலியாது விட்டனர். ஏட்டிலே வான்கோழியின் படத்துக்கு மேல் 'கு' என்ற குறியும் இன்னொரு குறியும் உள்ளன. வான்கோழிக்கு மாயர் மொழியிற் 'குட்ஸ்' என்று பெயர். ஆதலின் இரண்டாங்குறி 'ட்சு'. நாயின் படத்துக்கு மேல் அதே 'ட்சு' முதலில் நிற்க, 'லு' தொடர்கின்றது. 'ட்சுல்' என்பது நாயின் பெயர்களுள் ஒன்று. இரண்டு சொற்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இம்முறை அழகியது. எனினும், அக்காலத்து மாயர் ஆராய்ச்சியில் முதன்மை பெற்றிருந்த எரிக் தொம்சன் இதனைக் கடுமையாக மறுத்தார். மாயர் காலத்தை வழிபட்ட அமைதியான குருமார் என்றும், கற்களில் மனிதர் வரலாறு இல்லை என்றும் அவர் நம்பினார். க்னோரோசொவ் மாயர் நாட்டை நேரிற் கண்டது 1990-ஆம் ஆண்டிலேதான்.

தொம்சனின் கொள்கையை அசைத்தது மொழியறிவு மட்டுமன்று; கற்களின் இடவரிசை. யாஷ்சிலானுக்குக் கீழே, ஆற்றின் குவாத்தமாலாக் கரையில், பியெத்ராஸ் நெக்ராஸ் என்னும் நகரம் உண்டு. 'கருங்கற்கள்' என்பது அப்பெயரின் பொருள். தெயோபர்ட் மாலர் என்பவர் 1890-களில் அதனை ஆராய்ந்து, கற்களை வியக்கத்தக்க தெளிவோடு ஒளிப்படம் பிடித்தார். 1931 முதல் 1939 வரை பென்சில்வேனியாச் சருவகலாசாலையின் நூதனசாலை அங்கு அகழ்வு நடத்தியது. அக்குழுவிற் கட்டடப் படங்கள் வரையச் சேர்ந்தவர் தத்தியானா புரோஸ்கூரியாகோவ். சைபீரியாவிற் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று, கட்டடக்கலை கற்று, பொருளாதார மந்தத்தால் தொழிலின்றியிருந்தவர் அவர். மாயர் எழுத்தை வாசிக்க வந்தவரல்லர். சிதைந்த கோபுரங்கள் முன்னர் எவ்வாறிருந்தன என்று வரைய வந்தவர்.

பியெத்ராஸ் நெக்ராஸ் அரசர் 1800 நாட்களுக்கு ஒருமுறை ஒரு நெடுங்கல் நாட்டினர். அக்கற்கள் கண்டபடி நாட்டப்படவில்லை. ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் ஒவ்வொரு தொகுதியாக நின்றன. தொகுதி ஒன்றின் முதற்கல்லில், ஏணியொன்றின் மேலுள்ள மாடத்தில் ஒருவர் அமர்ந்திருப்பார். அக்கல்லில் ஒரு நாளும், அந்நாளுக்குப் பின், பல்வலிக்காரன் தாடைக்குத் துணி கட்டினாற்போன்ற ஒரு குறியும் வரும். அதற்குப் பல ஆண்டு முந்திய வேறொரு நாளுக்குப் பின், அண்ணாந்த தவளைத்தலை போன்ற மற்றொரு குறி வரும். புரோஸ்கூரியாகோவ் ஒவ்வொரு தொகுதியின் முதல் நாளுக்கும் இறுதி நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட்டார். எந்தத் தொகுதியும் ஒரு மனிதனின் வாழ்நாளை விஞ்சவில்லை. தவளைக்குறி பிறப்பு, துணிக்குறி முடிசூட்டு, தொகுதி ஓர் அரசனின் ஆட்சி. தெய்வங்களென்றும் குருமாரென்றும் கூறப்பட்டவர்கள் பிறந்து, முடிசூடி, இறந்த மனிதராயினர். நீண்ட ஆடை உடுத்த 'குருமார்' சிலர் பெண்கள் என்பதும் அப்போதே வெளியாயிற்று. 3-ஆம் நெடுங்கல்லிலுள்ள அரசி 674-இற் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மணம் முடித்தவர். அவர் முழங்காலருகே அமர்ந்திருப்பது மூன்று வயது மகள். 1960-ஆம் ஆண்டு இக்கட்டுரை வெளிவந்தபோது, தாம் பல்லாண்டு காத்த கொள்கை வீழ்ந்தது என்று தொம்சன் ஒப்புக்கொண்டார். க்னோரோசொவ் விடயத்தில் அவர் காட்டாத பெருந்தன்மையை இங்கு காட்டியது அவருக்குச் சிறப்பு.

ஒரு சொல்லையேனும் ஒலித்து வாசிக்காது இத்துணையும் கண்டறியப்பட்டது என்பதை மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எந்தக் கல் எந்தக் கட்டடத்தின் முன் நின்றது என்ற பதிவு இருந்தது, அதனால் இயன்றது. அக்கற்களை யாரேனும் முன்னரே பெயர்த்து நாற்பது செல்வர் வீடுகளுக்குப் பங்கிட்டிருந்தால், அவை நாற்பது அழகிய ஊமைகளாகவே இருந்திருக்கும்.

அவ்வாறான பங்கீடு பின்னர் நிகழவே செய்தது. மெக்சிக்கோவிலும் குவாத்தமாலாவிலும் காட்டினுட் சென்று சப்போடில்லா மரத்தைக் கீறி, மெல்லும் பசைக்கு வேண்டிய பாலெடுத்தவர்களே பல நகரங்களை முதலிற் கண்டவர்கள். நம் வளவுகளிற் பழத்துக்காக வளர்க்கும் சப்போடில்லா அக்காட்டு மரமே. திக்கால் நகரத்துக் கோயில் வாயில்களின் மேல் ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு மேலாக நிற்பதும் அதன் மரமே. காடறிந்த மக்களை, 1960-களில், கலைப்பொருட் சந்தை தேடி வந்தது. வாளாலும் உளியாலும் நெடுங்கற்களின் முகத்தைத் தோலுரிப்பதுபோல் அரிந்தெடுத்தனர். சுமக்க இலகுவாகத் துண்டுகளாக்கினர். எழுத்துள்ள பக்கவாட்டை வீசிவிட்டு உருவமுள்ள முன்முகத்தை மட்டும் கொண்டு சென்ற இடங்களும் உள. பியெத்ராஸ் நெக்ராசும் இதற்குத் தப்பவில்லை. கல்லைக் கொண்டு சென்ற கூலியாளுக்குக் கிடைத்தது சில நாட் சோறு. பெருநகரக் கூடத்திற் பளிங்கு மேடையில் வைத்தவர்க்கே புகழும் பொருளும் சேர்ந்தன. பழியைக் காட்டுவாசி மேல் மட்டும் சுமத்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இயன் கிரகாம் என்னும் ஆங்கிலேயர், கொள்ளையர் வருமுன் ஒவ்வொரு சாசனத்தையும் இருந்த இடத்திலேயே படம் பிடித்து வரைந்துவிடவேண்டும் என்று முனைந்தார். அவ்வேலைக்கென 1968-ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் ஹாவட் சருவகலாசாலையில் வேரூன்றியது. 1971-இல், லா நாயா என்னும் இடத்தில், அவருடைய வழிகாட்டி கொள்ளையராற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1961-இல் கிரகாம் கண்டு பதிந்த மச்சாக்கிலா நகரத்து நெடுங்கல் ஒன்று துண்டு துண்டாக அமெரிக்காவிற் விலைக்கு வந்தபோது, அவருடைய பதிவே அது திருட்டுப் பொருளென்று நீதிமன்றில் நிறுவ உதவியது. 1972-இல் அமெரிக்கா இத்தகைய சிற்பங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை இயற்றியது.

பதிவில்லாத கற்களின் நிலை வேறு. அக்காலத்திற் சந்தைக்கு வந்த சிறு சிற்பக்கற்கள் பலவற்றில் ஒரே மன்னர் பெயர்களும் ஒரே நடையும் காணப்பட்டன. ஆனால் அவை எந்நகரத்தவை என்று எவருக்கும் தெரியவில்லை. பீட்டர் மத்தியூஸ் என்னும் மாணவர், 'எது?' என்னும் ஸ்பானிய வினாச்சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அந்நகரைக் 'கியூ' என்றழைத்தார். பெயரில்லா நகரம் ஏறத்தாழ முப்பதாண்டு தேடப்பட்டது. 1997-ஆம் ஆண்டு கிரகாமும் டேவிட் ஸ்டுவர்ட் என்பவரும் குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டில் ஒரு சிற்றூர் அழிபாட்டை அடைந்து அதற்கு லா கொரோனா எனப் பெயரிட்டனர். அங்கே அந்த மன்னர் பெயர்களின் சாயல் தென்பட்டது. 2005-இல் மார்செல்லோ கனூட்டோ, கொள்ளையரின் குழியொன்றிற் புகுந்தபோது, அவர்கள் காணாது விட்ட கல்லொன்று, நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட எழுத்துக்களோடு, வைத்த இடத்திலேயே இருந்தது. ஐயம் நீங்கியது.

அங்கே 2012-இல் அறிவிக்கப்பட்ட மற்றொரு கண்டுபிடிப்பும் உண்டு. தேய்ந்தனவென்று கொள்ளையர் எறிந்துவிட்டுப் போன படிக்கற்களின் அருகே தோண்டியபோது, அசையாது இருந்த பன்னிரண்டு படிகள் வெளிப்பட்டன. கலக்முல் பேரரசன் 696-ஆம் ஆண்டு இச்சிற்றூருக்கு வந்தான் என்கின்றது அப்படி. முந்திய ஆண்டு திக்காலிடம் தோற்று மாண்டான் என்று அறிஞர் கருதிய அதே அரசன், தோல்விக்குப் பின் தன் சார்பினரின் ஊர்களைத் தேடிச்சென்று தேற்றினான் போலும். அவ்வாண்டிலே உலகம் அழியப்போகின்றது என்று பத்திரிகைகள் ஆரவாரித்த அந்த 2012-ஆம் ஆண்டின் நாளும் அப்படியிற் குறிக்கப்பட்டுள்ளது. அது தீர்க்கதரிசனமன்று, தோற்ற மன்னனொருவன் தன் பெயரை நெடுங்காலக் கணக்கோடு இணைத்து ஆறுதல் கொண்ட செயல்.

'காட்டில் விட்டால் மழை தின்றுவிடும்; நூதனசாலையில் இருந்தாலாவது பிழைக்கும்' என்பது ஒரு வாதம். இதனை முற்றாகத் தள்ளிவிட இயலாது. கலக்முலில் 117 நெடுங்கற்கள் உள. மென்மையான சுண்ணக்கல்லாகையால் அவற்றுட் பெரும்பாலானவை வாசிக்க முடியாதவாறு தேய்ந்துவிட்டன. பியெத்ராஸ் நெக்ராசிலும் சில கற்களுக்கு மாலரின் பழைய ஒளிப்படமே இன்று மூலமாயுள்ளது. ஆகவே பதிந்தபின் எடுத்துக் காத்தல் வேறு. பறித்து விற்றல் வேறு. குவாத்தமாலா நகர நூதனசாலையில் நிற்கும் கல்லுக்கு இடமும் எண்ணும் உண்டு. இடமற்ற கல்லை எந்தக் கண்ணாடிப் பேழையும் பேசவைக்காது.

2018-இல், வானூர்தியிலிருந்து ஒளிக்கதிரைச் செலுத்தி மரச்செறிவின் கீழுள்ள நிலத்தை அளக்கும் முறையால், பெத்தேனின் 2100 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பில் 60,000-க்கும் கூடிய கட்டட அடையாளங்கள் அறியப்பட்டன. பாதைகளும் வாய்க்கால்களும் அரண்களும் படத்தில் தெரிகின்றன. எழுத்து தெரியாது. அதற்கு ஆள் நடந்தே செல்லவேண்டும். கொள்ளையனும் நடந்தே செல்வான். யார் முந்துவர் என்பதே கவலை. மாட்டுப் பட்டிகளுக்காகக் காட்டுக்குத் தீயிடுவோரும் போதைப்பொருள் கடத்துவோரும் அதே வழிகளைப் பயன்படுத்துகின்றனர்.

செல்ல விரும்புவோர்க்கு ஒரு சொல். தொலைவான இடங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. யாஷ்சிலானுக்கு ஒருநாட் போதும். எல் மிராடோர் என்னும் மிகப் பழைய நகருக்கு, கார்மெலித்தா ஊரிலிருந்து கோவேறு கழுதைகளோடு இரண்டு நாள் நடை. 72 மீற்றர் உயர்ந்த தந்தா மேட்டின் உச்சியிலிருந்து காடன்றி வேறெதுவும் தெரியாது. எங்கும் அவ்வூர் வழிகாட்டியை அமர்த்துதல் நன்று. அவன் பெறும் கூலி, கல்லைக் காப்பதிலே அவனுக்கு ஒரு பங்கு அளிக்கின்றது. யாஷ்சிலான் குன்றின்மேல், 33-ஆம் கட்டடத்தினுள், தலை துண்டிக்கப்பட்ட அரசனின் சிலை அமர்ந்துள்ளது. தலை அருகே கிடக்கின்றது. தலை உடலோடு மீண்டும் சேர்ந்தால் உலகம் முடியும் என்பது அயற்காட்டு லக்கந்தோன் மக்களின் நம்பிக்கை. அவர்கள் நெடுங்காலம் அங்கு வந்து கோப்பால் என்னும் குங்கிலியம் புகைத்து வணங்கினர். ஆராய்ச்சியாளர் 'கண்டுபிடித்த' இடம் அவர்களுக்கு ஒருபோதும் காணாமற் போனதன்று. அங்கே செருப்போடு ஏறி நின்று படம் எடுப்போர் இதனை நினைத்தல் நலம்.

பியெத்ராஸ் நெக்ராசுக்கு இன்றும் ஆறே வழி. கீழேயுள்ள பாய்நீரை அஞ்சியே படகோட்டிகள் துடுப்பிடுவர். குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போரால் நெடுங்காலம் ஆராய்ச்சி தடைப்பட்டு, 1997-இலேதான் மீண்டும் தொடங்கியது. யாஷ்சிலானின் இறுதிச் சாசனமாகிய 10-ஆம் மேற்கல், 808-ஆம் ஆண்டு பியெத்ராஸ் நெக்ராஸ் அரசன் சிறைபிடிக்கப்பட்டதைக் கூறுகின்றது. வென்றவனும் அதன்பின் ஒரு கல்லும் நாட்டவில்லை. தோற்றவனின் அரண்மனை மேட்டில், புரோஸ்கூரியாகோவ் இளமையில் அளந்து வரைந்த கட்டடங்களின் நடுவே, 1985-இல் மறைந்த அவருடைய சாம்பல் 1998-ஆம் ஆண்டு அடக்கம் செய்யப்பட்டது. ஆற்றை நோக்கியது அம்மேடு.